பதினைந்தாம் நம்பர் மூட்டை

பேனாவை நீட்டியது நான்தான். இன்னும் எத்தனை தடவை அதையே சொல்வாய்? நீட்டினால் வாங்கியே ஆக வேண்டுமா? ரொட்டி சானாய்க் கடையில் உன்னிடம் எத்தனையோ நீட்டியிருக்கிறேன். நெத்திலி சம்பால் நீட்டினேன், "வயித்துக்கு ஆவாது" என்று ஒதுக்கினாய். சிகரெட் நீட்டினேன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டாய். அப்படியானால் பாதிக் குற்றம் உன்மேல். சரி, கால்வாசி. முறைக்காதே. நீ செத்தவன், உன்மேல் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று நாளாக உன்னோடு இதே சண்டை. என் கைப்பேசியால் வந்தது. ரோஜாப் பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கப் படங்கள் நிரம்பி, இனி ஒன்றுகூட ஏறாது என்று அது அடம் பிடித்தது. மருமகள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தேன். நூறு ரோஜாவுக்கு நடுவே அந்தத் தாளின் படம் வந்தது.

கோல் கம்பம் சரிபார்த்த தாள். நீ செத்துப்போன அந்தச் சனிக்கிழமை எடுத்தது. நான்கு கம்பங்களுக்கும் நான்கு நான்கு மணல் மூட்டை என்று வரிசையாக டிக். நேரம் ஏழு இருபது. கீழே உன் கையெழுத்து, சம்பளப் பட்டியலில் போடுவதுபோல நேராக. அதற்குப் பக்கத்தில் நான் வரைந்த சேவல். கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் நான் சேவல்தான் வரைவேன் என்பது உனக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் நன்றாக வரும்.

சேவலின் வாலைப் பார்க்கலாம் என்று இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். அது கை தவறி மூலைக்கு நழுவியது. அங்கே ஒரு தட்டின் விளிம்பு. அதில் மஞ்சளாகக் கொஞ்சம் பருப்புக் குழம்பு.

இத்தனை மாதம் எத்தனை பேர் பார்த்த படம் அது. எல்லாரும் கையெழுத்தைப் பார்த்தார்கள். தட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நான் எங்கே தவறினேன் என்று எனக்கே தெரியும்.

ஜெலுத்தோங் கடலோரத் திடலில் பிள்ளைகளுக்கு அந்தப் பந்து விளையாட்டைத் தொடங்கியபோது நம் இருவரையும் யாரும் கூப்பிடவில்லை. உன் பேரனும் என் பேத்தியும் பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழுவில் சேர்ந்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த நம்மிடம் உன் மகள் யமுனா ஒரு பட்டியலை நீட்டினாள். அவள்தான் செயலாளர். ஒவ்வொரு குழுவிலிருந்தும் வாரத்துக்கு இரண்டு பேர் வேலைக்கு வர வேண்டும். கோடு போட ஒருவர், ஐஸும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவர ஒருவர், மருந்துப் பெட்டிக்கு ஒருவர், கூடாரம் கட்ட ஒருவர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கோடு போட வந்த ஒரு சீனத்தி மூலைக்கொடிக்குப் போகிற வழியில் போன் பேசி, கோட்டைக் கார் நிறுத்தும் இடம்வரை கொண்டுபோனாள். நடுவராக நின்ற மலாய்க்காரர் தன் மகனுக்கே மஞ்சள் அட்டை காட்டிவிட்டு, வீட்டில் சோறு இல்லாமல் நாம் உட்காரும் ரொட்டிக் கடைக்கு வந்து சாப்பிட்டார்.

நீ பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, "கோல் கம்பத்த யாரு பாக்கறா?" என்று கேட்டாய். அதற்கு ஒருவரும் இல்லை.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவன் நீ. அன்றைக்கே வலை மாட்டிய அந்த இரும்புக் கம்பத்தை முன்பக்கம் பிடித்து இழுத்துக் காட்டினாய். அது சுலபமாகச் சாய்ந்து வந்தது. "இது ஒரு பிள்ள மேல விழுந்தா எந்திரிக்காது" என்றாய். என் பழைய லாரித் தார்ப்பாயை வாங்கி வெட்டி, நீயே தைத்து, மணல் நிரப்பிக் கட்டி, பதினாறு மூட்டை செய்தாய். சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டாய். ஒன்றிலிருந்து நான்குவரை முதல் கம்பம். பதின்மூன்றிலிருந்து பதினாறுவரை நாலாவது. "மூட்டைக்குப் பேரு வைக்கலியா, காது குத்தலியா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நடந்தாய். நான் பேசி முடிக்கும்முன் நடந்துபோவது உன் பழக்கம். உன் முதுகிடம்தான் என் பாதிக் கிண்டலைச் சொல்லியிருக்கிறேன்.

தாளும் உன்னுடைய யோசனைதான். கம்பங்களை வெள்ளிக்கிழமை சாயங்காலமே நிறுத்தி மூட்டை போட்டுவிடுவோம். சனிக்கிழமை காலையில் நாம் இருவரும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, மூட்டையை எண்ணி, டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏழரைக்குள் படம் வராவிட்டால் முதல் ஆட்டம் தொடங்காது என்று யமுனா சட்டம் போட்டாள். அப்பன் வைத்த சட்டத்துக்கு மகள் வைத்த பூட்டு.

இரண்டு வாரம் நாம் கடையில் உட்கார்ந்து பேசித் தாமதமாகப் போனோம். தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரம் நான்தான் சொன்னேன், இங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு போய்ப் பார்க்கலாம் என்று.

"பாத்துட்டு வந்து போடுவோம்டா" என்றாய்.

"நேத்து சாயங்காலம் நீதான மூட்ட போட்ட? கம்பம் ராத்திரில எந்திரிச்சு பாசாருக்கு மீன் வாங்கவா போயிருக்கும்?"

"அதுக்கு இல்லடா சேவல். தாள்ல பாத்தேன்னு எழுதுறோம். பாக்கலியே."

"முப்பது வருசம் ஒரே பொண்டாட்டியோட இருந்தியே, தினமும் காலைல எண்ணிப் பாத்தா இருந்த?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. ரொட்டி வீசுகிறவர் கையிலிருந்த மாவோடு நின்று சிரித்தார். நீயும் லேசாகச் சிரித்துவிட்டுப் பேனாவை வாங்கினாய். உனக்குக் கூச்சம். பத்துப் பேர் சிரிக்கும்போது பிடிவாதமாக உட்கார்ந்திருக்க உனக்கு வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கடையில்தான் கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் நீ அதையே சொல்வாய், "பாத்துட்டு வந்து போடுவோம்டா." நானும் ஏதாவது சொல்வேன். நீ கையெழுத்துப் போடுவாய். ஆனால் திடலுக்குப் போனதும் ஒரு கம்பத்தைக்கூட விடாமல் இழுத்துப் பார்ப்பாய். அதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வேறு சாட்சி இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். காலையிலிருந்தே காற்று கொஞ்சம் கூடுதல். கடையிலிருந்து போனபோது பிள்ளைகள் பந்தை உருட்டி விளையாடத் தொடங்கியிருந்தார்கள். நேரமில்லை என்று பிரித்துக்கொண்டோம். முன்னால் உள்ள இரண்டு கம்பம் உனக்கு, பின்னால் உள்ள இரண்டும் எனக்கு.

மூன்றாவதை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நாலாவதுக்குப் போகும் வழியில் கூடாரம். அதைக் கட்டும் முறை அந்த வாரம் கோபிக்கு. நம் பிள்ளைகளின் குழுவில் கோல்கீப்பராக நின்ற பையனின் அப்பா. பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை இரவு ஷிஃப்ட் முடித்து, கடல் பாலம் தாண்டி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் திடலுக்கு வருகிறவன். அன்றும் ஏழு மணிக்கே வந்து கட்டியிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. எனக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி கொடுத்தான். உட்கார இடம் தேடினேன். கூடாரக் கால் ஓரமாக ஒரு மூட்டை கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன்.

"அங்கிள், கூடாரம் பறக்குது, அதான் கடைசி கோல்லேர்ந்து நாலு மூட்டையும் எடுத்துட்டேன்" என்றான். "செக் பண்ண வரும்போது உங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். அங்க வேற ஏதாவது போடணுமா?"

அவன் கேட்டது அவ்வளவுதான். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான கேள்வி.

"எடுத்துக்க தம்பி" என்றேன். "கோலுக்குக் காலா இருக்கு, ஓடிப் போறதுக்கு?"

அவன் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எனக்கு அங்கிருந்து எழுந்திருக்க மனம் வராது. இன்னொரு கதை ஆரம்பித்தேன். தூரத்திலிருந்து நீ நாலாவது கம்பத்தைக் காட்டிக் கையை ஆட்டிக் கேட்டாய். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்தினேன்.

ஒன்பது மணி வாக்கில் கடல் பக்கம் மேகம் கறுப்பாக எழும்பியது. சுமத்ராக் காற்று வரும்போது இந்த ஊரில் யாரும் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, தோலிலேயே தெரியும். நீ விசில் ஊதினாய். பிள்ளைகள் எல்லாரும் சாமான் அறை வராந்தாவுக்கு ஓடினார்கள். நீ தலை எண்ணினாய். பிறகு மழையில் இறங்கி நாலாவது கம்பத்தை நோக்கி நடந்தாய். அது கடலைப் பார்த்து நிற்பது. வலை காற்றைப் பிடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும், முதலில் வலையை அவிழ்க்க வேண்டும் என்று நீதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாய்.

நான் கூடாரத்தில் இருந்தேன். அந்தக் காற்றிலும் கூடாரம் அசையவில்லை. அது ஏன் அசையவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். சிவப்பில் பதினைந்து.

கத்தினேன். உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீ கம்பத்துக்கு அடியில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். நான் கத்துவது உனக்குக் கேட்டது. திரும்பவில்லை. போடா, உனக்கு வேற வேலை இல்லை என்பதுபோல ஒரு கையை மட்டும் பின்னால் வீசினாய். ஐம்பது வருடமாக என் சத்தத்துக்கு நீ கொடுக்கும் பதில் அது.

வலை ஒரு தடவை உப்பியது. கம்பம் மெதுவாகத்தான் வந்தது.

உன்மேலிருந்து அதைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டது. முதலில் ஓடியது கோபி.

போலீஸ்காரர்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் பெற்றோருக்கு அது போதவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். யமுனா தாளை மேசைமேல் வைத்தாள். ஏழு இருபதுக்கு நாலாவது கம்பத்தில் நான்கு மூட்டையும் இருந்திருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு யார் எடுத்தது?

கோபி எழுந்தான். "ஏழு மணிக்கே எடுத்துட்டேன். அப்புறம் செக் பண்ண வந்தவங்ககிட்ட சொன்னேன்."

"ஏழு மணிக்கே எடுத்திருந்தா ஏழு இருபதுக்கு எப்படி டிக் விழுந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "செத்துப் போன மனுசன் மேல பழி போடாதீங்க லா" என்றார். யமுனா அழுதுகொண்டே அவனைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

கோபி என்னைப் பார்த்தான். பேரைச் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று நேரம் கொடுத்தான் என்று நினைக்கிறேன். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது மூன்று இலை விசிறி, ஒரு இலையில் ஒட்டடை. அவ்வளவு நேரம் பார்த்தேன். பிறகு அவன், "எடுத்தது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

நாளெல்லாம் வாய் ஓயாதவன் நான். பேச வேண்டிய அன்று பேசவில்லை.

அவன் மகனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோபி வீட்டாரே எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு நாள் பாசாரில் அவனைப் பார்த்தேன். என்னிடம் வந்து, "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டான். பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்த நம் குழுத் தகப்பன் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபியிடமிருந்துதான். என்னிடம் வந்து தோளைத் தட்டினார், நண்பனை இழந்தவன் என்று.

யமுனா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் ஒட்டிச் சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறாள். புதிதாக வேலைக்கு வரும் பெற்றோரிடம், "எங்கப்பா கடைசியா செக் பண்ணது. இப்படித்தான் செய்யணும்" என்று காட்டுவாள். அவர்கள் உன் கையெழுத்தை மரியாதையாகப் பார்ப்பார்கள். என் சேவலைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். இப்போதெல்லாம் மூட்டையைச் சனிக்கிழமை காலையில்தான் போடுகிறோம்; வாராவாரம் அதைத் தாண்டித்தான் மூட்டை எடுக்கப் போகிறேன்.

இப்போது புரிகிறதா, மூன்று நாளாக உன்னோடு எதற்குச் சண்டை என்று? அந்தத் தட்டைக் காட்டினால் கோபி பழியிலிருந்து வெளியே வருவான். நான் மாட்டிக்கொள்வேன், அது பரவாயில்லை, இந்த வயதில் என்னை யார் என்ன செய்யப் போகிறார்கள். ஆனால் நீயும் மாட்டிக்கொள்வாய். பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதினவன் என்று உன் மகள் நினைப்பாள். அதனால்தான் படத்தை அழித்துவிடலாமா என்று கேட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தெரியும். நான் கேட்டு முடிக்கும்முன் கோபி வீட்டுக்கு நடந்திருப்பாய்.

சரி. இன்று காலை சொன்னேன்.

கடைக்குப் போகவில்லை. நேராகத் திடலுக்குப் போனேன். யமுனா சாமான் அறையில் இருந்தாள். "மாமா, மூணு முடிஞ்சிருச்சு. நாலாவதுதான் பாக்கி, வாங்க" என்றாள். நான் பதினைந்தாம் நம்பரைத் தோளில் தூக்கியிருந்தேன். இறக்கி வைக்கவில்லை. ஒரு கையால் கைப்பேசியை எடுத்து நீட்டினேன். பார், இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"மூலையில பாரும்மா."

பெரிதாக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க எடுத்தது?"

"ரொட்டி கடையில. திடலுக்கு வர்றதுக்கு முன்னாலயே."

"அப்போ கோபி அண்ணன் சொன்னது?"

"என்கிட்டதான்மா சொன்னான். ஏழரைக்கு மேல. நான் சிரிச்சுப் பேசி அனுப்பிட்டேன். நாலாவத நான் பாக்கவே இல்ல. பாத்துட்டேன்னு உங்கப்பாவுக்குக் கை காட்டினேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். எட்டி, ஆணியிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினாள். பிளாஸ்டிக்கின் மேலேயே உன் கையெழுத்தை விரலால் ஒரு முறை தொட்டாள்.

"இது அப்பா போட்டதுதானே, மாமா? கடையில வெச்சு?"

"ஆமாம்மா. ஆனா கேளு, ஒவ்வொரு வாரமும் உங்கப்பா..."

அதற்குள் திரும்பிவிட்டாள். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, திடலைக் குறுக்கே நடந்தாள். "கோபி அண்ணே, யமுனா பேசறேன்" என்றது கேட்டது. பிறகு காற்று. உன்னைப் போலவே இடது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. கூப்பிட்டேன். திரும்பாமல் ஒரு கையை மட்டும் பின்னால் வீசினாள்.

தோளில் மூட்டையோடு நின்றேன். நீ வாராவாரம் சொன்னது மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல அவள் எனக்கு நேரம் கொடுக்கவில்லை.